ஒரு மணி நேரம் கூடுதல்

கால்வெஸ்டன் துறைமுகம், பதினோராவது கவுண்டர்.
லவோனின் ஓட்டுநர் உரிமத்தை
வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள் அந்தப் பெண்,
முட்டை அழுகலா என்று பார்ப்பதுபோல.
"பன்னிரண்டாம் தேதியோடு முடிகிறதே,
நீங்கள் திரும்புவது பதினான்கு."
"இன்று?"
"இன்று செல்லும்."
"அப்புறம் என்ன?" என்று
பிறப்புச் சான்றிதழின் மடிப்பை நீவிக் கொடுத்தாள் லவோன்.
மேலாளர் வந்தார்.
எங்கள் இரண்டு நரைத்த தலைகளையும் பார்த்தார்,
போகட்டும் என்று கையசைத்தார்.

என் பாஸ்போர்ட்டை யாரும் இரண்டாம் முறை பார்க்கவில்லை.
எட்டு வருடம் மிச்சம் இருக்கிறது அதற்கு.
எனக்கு எவ்வளவு என்று எங்கும் அச்சிடவில்லை.

சாப்பாட்டு மேசையில் ஒரு பல் டாக்டர்,
லபக்கிலிருந்து வந்தவர், தினம் அதே கேலி:
"உங்களை மெக்சிகோவிலேயே விட்டுவிடப் போகிறார்கள்."
"வெயில் நன்றாக இருக்கிறதே, விடட்டும்" என்பாள்.
பெயர்ப்பட்டியல் நீளத்துக்கு இருந்த மெனுவைத்
திறக்காமலே மூடுவாள்.
"ஓடெல் என்ன சொல்கிறாளோ, எனக்கும் அது."
ஐந்து நாளும் அவள் தின்றது என் ருசி.
அறைக்குப் போகும் நடைவழியில்
கதவு எண்களை விரலால் தடவிக்கொண்டே வருவாள்.
நான் அதைப் பழக்கதோஷம் என்று நினைத்தேன்,
முப்பத்தொரு வருடம் எல் காம்போவில்
பள்ளிப் பேருந்து ஓட்டியவள்,
பிள்ளைகளை எண்ணி எண்ணிக்
கை நிற்கவில்லைபோல என்று.

பன்னிரண்டாம் தேதி கோசுமெலை விட்டோம்.
கேக்கில் மெழுகுவர்த்தி ஒன்றே ஒன்று,
நெருப்புக்குக் கப்பலில் தடை என்பதால் பேட்டரியில் எரிந்தது.
அவள் அதையும் ஊதினாள்.
இரவு ஒலிபெருக்கியில் சொன்னார்கள்:
கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வையுங்கள்.
"பார்த்தாயா, என் அட்டைக்கு
அறுபது நிமிடம் ஆயுள் நீட்டித்துவிட்டார்கள்."

மேல்தளத்தில் காற்று.
அந்த ஓசி மணி நேரத்தில்தான் கேட்டேன்:
கிளம்புமுன் புதுப்பித்திருக்கலாமே, பத்து நிமிட வேலை.
"எழுபத்தொன்பது ஆனால் நேரில் போக வேண்டும்.
சுவரில் ஒரு பலகை மாட்டியிருப்பான்.
மேலே பெரிதாக ஓர் எழுத்து இருக்கும்.
இருக்கிறது என்று தெரியும் எனக்கு.
என்ன எழுத்து என்றுதான் தெரியாது."

கொஞ்ச நேரம் இன்ஜின் மட்டும் பேசியது.

"அப்படியென்றால் நூறு மைல்
எப்படி ஓட்டி வந்தாய்?"
"மனப்பாடம்."

வழியில் ஒரு லாரி நீளமாக ஹார்ன் அடித்தது
எனக்கு அப்போது ஞாபகம் வந்தது.
நான் புதினா மிட்டாயின் தாளைப் பிரித்துக்கொண்டிருந்தேன்,
அவளுக்கும் ஒன்று ஊட்டிவிட்டேன்.

பதினான்காம் தேதி, எல்லை அதிகாரி
அட்டையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.
"முந்தாநாள் பிறந்தநாளோ? வாழ்த்துகள், வீட்டுக்குப் போங்கள்."
இவ்வளவுதான்.
ஒரு நாடு நான்கு விநாடியில் உள்ளே விட்டது.

வண்டி நிறுத்தத்தில், ஏழாம் வரிசையில்,
அவளுடைய பழுப்பு பியூக்.
கடற்காக்கைகள் ஐந்து நாளாகக்
கண்ணாடியில் கணக்கெழுதியிருந்தன.
லவோன் கைப்பையிலிருந்து அட்டையை எடுத்து
சுரண்டத் தொடங்கினாள், நிதானமாக, மூலை முடுக்கு விடாமல்.
நல்ல கூர்மை இருந்தது அதில் இன்னும்.

பிறகு சாவியை என் உள்ளங்கையில் வைத்தாள்,
வலதுபக்கக் கதவைத் திறந்து ஏறிக்கொண்டாள்.
எனக்கு ஓட்டத் தெரியாது.
தெரியும் அவளுக்கு.
முதலில் கணவன் ஏற்றிப் போனான், பிறகு மகன்,
இருபது வருடமாக இவள்.

கிளெட்டஸின் பையனுக்கு போன் போட்டோம்.
வர மூன்று மணி நேரம் ஆகும் என்றான்.
நிற்க இடமில்லாத வெயில்.
மீதி இருந்த இருக்கையில் உட்கார்ந்தேன்,
வளையத்தை எங்கே பிடிப்பது என்று தெரியாமல்
பிடித்துக்கொண்டேன்.

எதிரே பார்த்தபடியே சொன்னாள்:
"இடது காலை ஓரமா வை.
அதுக்கு இங்கே வேலை இல்லை."